ஐந்து சபைச் சர்க்கரை

ஜனெல் புரூபேக்கர் முதன்முதலில் எங்கள் ஊருக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மாட்டு ஏலம் நடக்கிற நாள். அவள் வந்தாள் என்பதைவிட, அவளுடைய வேன் ஏலக் கொட்டகை வாசலில் புகை கக்கி நின்றுவிட்டது என்று சொல்வதுதான் சரி. வேனிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பிள்ளைகள் இறங்கினார்கள். பிறகு புருஷன். கடைசியாக, கக்கத்தில் வரைபடத்தை இடுக்கிக்கொண்டு அவள். கலிஃபோர்னியா நம்பர் பிளேட். கேன்டீன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த என் தங்கை ஆர்டித், மாவுக் கையைக்கூடத் துடைக்காமல், "அக்கா, இங்க பாரு. எகிப்த விட்டுக் கிளம்பின மாதிரி ஒரு கூட்டம் வருது" என்றாள்.

நான் நெல்டா. மிசூரியின் தெற்கு மலைப்பக்கத்தில், இந்த ஹார்லன் ஃபோர்க்கில்தான் பிறந்தேன், கட்டிக்கொண்டேன், கட்டியவரைப் புதைத்தேன். ஏலக் கொட்டகையின் கேன்டீன் என்னுடையது. நான் இறைச்சி வாட்டுவேன், ஆர்டித் ஆப்பிள் பலகாரமும் ரொட்டியும் சுடுவாள். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் நாங்கள் அக்கா தங்கை. மற்ற நாட்களில் அவள் ஐக்கிய பாப்டிஸ்ட் சபை, நான் முதல் பாப்டிஸ்ட் சபை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

ஏலம் கூறுகிற ஹப் கிராண்டலும் இன்னும் நாலு பேரும் வேனின் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஆளுக்கொரு நோய் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஜனெல் பிள்ளைகளைப் படிவரிசைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். ஏலம் நடந்துகொண்டிருந்தது. கன்றுகள் உள்ளே வருவதும், ஹப்பின் மகன் மைக்கைப் பிடித்து மூச்சுவிடாமல் விலை கூவுவதும், கிழவர்கள் மூக்கைச் சொறிகிற மாதிரி விலை ஏற்றுவதும் பார்த்து அந்தப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ தன் தட்டு உருளைக்கிழங்கு வறுவலைக் கடைக்குட்டியிடம் நீட்ட, அது கூச்சமே இல்லாமல் எடுத்துத் தின்றது. ஜனெல் அதையெல்லாம் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் ஜன்னலுக்கு வந்து காபி கேட்டாள்.

"இந்த ஊர்ல எத்தன சபைம்மா இருக்கு?"

"ஒம்போது."

"மொத்தம் எத்தன பேர் இருப்பீங்க?"

"நாய்கள விட்டுட்டா நானூறு."

அவள் முகத்தில் விளக்கு ஏற்றிய மாதிரி ஆனது. திரும்பிப் புருஷனைப் பார்த்து, "வெஸ், கேட்டியா? நானூறு பேருக்கு ஒம்போது சபை. இதுதான் ஊரு" என்றாள். ஆர்டித் என்னைப் பார்த்தாள். நான் வாட்டிக்கொண்டிருந்த இறைச்சியைப் பார்த்தேன். அவள் கேட்டது எத்தனை என்று. எப்படி ஒன்பது ஆச்சு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

அவள் ஊர் தேடி வந்தவள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அப்பா எண்ணெய்க் குழாய் பதிக்கிறவர். வேலை எங்கே போகிறதோ குடும்பமும் அங்கே போகும். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஜனெல் புதுப்பெண். வகுப்பில் எழுந்து நின்று பேர் சொல்லிச் சொல்லியே அவளுக்கு வயிற்றில் புண் வந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரே தெருவில் பதினைந்து வருஷம் இருந்தும், எதிர்வீட்டுக்காரர் பேர் தெரியாது. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம். காலையில் ஜெபம், வேத வசனம், பிறகு கணக்கு, லத்தீன், மத்தியானம் தையலோ தச்சோ. பாடத்தில் குறையில்லை. ஆனால் பாடம் முடிந்து கதவைத் திறந்தால் வெளியே யாரும் இல்லை.

"புஸ்தகத்துல இருக்கறத நான் சொல்லிக் குடுத்துருவேன் நெல்டாம்மா. ஒரு ஊர எப்படிச் சொல்லிக் குடுக்கறது?" என்று ஒரு தடவை என்னிடம் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது.

அந்தக் கோடையில் எங்கள் ஊருக்கு முன் மூன்று ஊர் பார்த்திருக்கிறாள். ஐடஹோவில் ஒன்று. அங்கே எல்லோரும் வீட்டில் பாடம் நடத்துகிறவர்கள், எல்லோரும் ஒரே சபை, பெண்கள் எல்லோருக்கும் ஒரே நீளப் பாவாடை, ஊருக்கே கேட் போட்டுப் பூட்டு. வெஸ்ஸுக்கு அது பிடித்துவிட்டது. இவள்தான் வேண்டாம் என்றாள்.

"அங்க என் பிள்ளைங்க யாரோட சண்ட போட்டுப் பழகும்? எல்லாரும் நாங்க பேசறதையே எங்ககிட்டத் திருப்பிப் பேசறாங்க."

டென்னசியில் பார்த்த ஊரில் நிலம் ஆனை விலை, குதிரை விலை. கென்டக்கியில் பச்சைப்பசேல் என்று ஒரு பள்ளத்தாக்கு. ஆனால் கடைத்தெருவில் முழுதாக ஒரு நடை நடந்தும் ஒருவர்கூட 'என்ன' என்று கேட்கவில்லையாம். எங்கள் ஊரில் வேன் நின்ற கால்மணி நேரத்தில் ஐந்து பேர் அதற்குள் தலையை விட்டுச் சண்டை பிடித்தார்கள். மேலும் எங்கள் மாநிலத்தில், வீட்டில் பாடம் நடத்துகிறோம் என்று எந்த அலுவலகத்திலும் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. எல்லாம் சேர்ந்து அவளுக்கு எங்கள் ஊர்மேல் மனசு விழுந்துவிட்டது.

வெஸ் நல்ல மனிதன், கொஞ்சம் கவலைக்காரன். ஹீட்டர், ஏசி பழுதுபார்க்கிற தொழில். பேக்கர்ஸ்ஃபீல்டில் அண்ணனோடு சேர்ந்து செய்தான். அங்கே திரும்பிப் போய்ச் சாமான் கட்டிக் கிளம்பும்போது புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பேச்சு பேசிக்கொண்டார்கள். வருகிற ஈஸ்டர் வரைக்கும் அண்ணன் அவனுடைய இடத்தை வைத்திருப்பான். அதற்குள் பிள்ளைகளுக்கு இந்த ஊர் ஒட்டவில்லை என்றால், மறுபேச்சு இல்லாமல் திரும்பிப் போவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது. ஜனெல் கைகொடுத்து ஒப்புக்கொண்டாள்.

ஒட்டியதா இல்லையா என்று சொல்லப்போகிற ஆள் அவர்களுடைய மூத்த மகள் திர்சா. பதினாலு வயசு. சிநேகிதி ஒருத்தியை அங்கே விட்டுவிட்டு வந்த கோபம். வேனுக்குப் பின்னால் கட்டிச் சாமான் ஏற்றிவந்த டிரெய்லரிலிருந்து எல்லோருடைய பெட்டியும் இறங்கியது, அவளுடையது இறங்கவில்லை. உடுத்துகிற துணியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை உள்ளேயே வைத்துப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த மில்லர் பண்ணைவீட்டுக்கு முன்னால் அந்த வெள்ளை டிரெய்லர் ரோட்டைப் பார்த்து நின்றது. அந்த வழியாகப் போகிறபோதெல்லாம் எனக்கே ஒரு மாதிரி இருக்கும். ஜனெல் அதைத் தினமும் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

இனி அவள் செய்த தப்பு. அவள்மேல் குற்றம் இல்லை, வெளியூர்க்காரி. ஒரு சபையில் சேருவதற்கு முன் எல்லாச் சபைக்கும் போய்ப் பார்த்து, பிரசங்கம் கேட்டு, ஜெபித்துத் தீர்மானிக்க வேண்டும் என்பது அவளுடைய நியாயம். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சபை. எங்கள் பக்கத்திலோ ஒரு பழக்கம் இருக்கிறது. புதுக் குடும்பம் சபைக்குள் வந்தால், சபையார் வீட்டுக்கு ஒரு ராத்தல், அரைக்கிலோ போல, கொண்டுபோய்க் கொடுப்போம். ஒருத்தர் ஒரு ராத்தல் சர்க்கரை, ஒருத்தர் மாவு, ஒருத்தர் காபி, ஒருத்தர் வெண்ணெய். இதற்கு ராத்தல் போடுவது என்று பேர். ராத்தலை வாங்கிக்கொண்டால் நீ எங்கள் ஆள் என்று அர்த்தம். இதை யாரும் வாயால் சொல்வதில்லை. சொல்லாமலே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜனெல்லுக்கு எங்கள் சபை ராத்தல் போட்டது. அடுத்த வாரம் ஐக்கிய பாப்டிஸ்ட் போட்டது. அப்புறம் மெதடிஸ்ட். அப்புறம் பெந்தெகொஸ்தே, கைதட்டிப் பாடிக்கொண்டே வந்து போட்டார்கள். அப்புறம் மலையடிவாரத்துச் சபை. அவள் ஒவ்வொரு முறையும் கண்ணீர் விட்டு, எல்லோரையும் கட்டிப்பிடித்து, வாங்கி வாங்கி அடுக்கினாள். இப்படி ஒரு தாராளமான ஊரைப் பார்த்ததே இல்லை என்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள்.

செப்டம்பருக்குள் ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. "அஞ்சு சபைச் சர்க்கரையத் தின்னவ" என்றார்கள். தபால் நிலையத்தில் ஒருத்தி, "ஏம்மா, லூத்தரன்காரங்க இன்னும் போடலையா? சொல்லி விடட்டுமா?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். ஜனெல் அதை உபசாரம் என்று நினைத்து நன்றி சொல்லியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

ஊரில் வீட்டில் பாடம் நடத்துகிற குடும்பம் இன்னும் ஆறேழு உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சபை. ஜனெல் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், வாரத்தில் ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைப்போம், ஒருத்தருக்குத் தெரிந்ததை ஒருத்தர் சொல்லிக் கொடுப்போம் என்று கேட்டாள். எல்லோருக்கும் ஆசைதான். எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்.

"எந்தச் சபைக் கட்டடத்துல?"

எந்தப் பேரைச் சொன்னாலும் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். அவள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றால், நீ எந்தச் சபை என்று கேட்டார்கள். அக்டோபர் முழுதும் ஒரு பிள்ளைகூட அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சின்னவன் ஏபெல் கோழிகளுக்குப் பேர் வைத்து அவற்றை வரிசையாக நிறுத்தி வகுப்பு எடுக்கிறான் என்று கேள்விப்பட்டேன். திர்சா ஒரு நாள் அப்பாவிடம் டிரெய்லர் டயரில் காற்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டாளாம்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஜனெல் கேன்டீனுக்குள்ளேயே வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. அழுத சிவப்பு இல்லை, கோபச் சிவப்பு.

"நெல்டாம்மா, நான் என்ன தப்பு செஞ்சேன்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க. ஒம்போது சபை இருக்கற ஊர்ல என் பிள்ளைக்கு ஒரு சிநேகிதம் இல்ல. இன்னும் அஞ்சு மாசத்துல நாங்க மூட்ட கட்டணும்."

ஆர்டித் ரொட்டிப் பலகையைப் பார்த்துக்கொண்டே, "சொல்லுக்கா. உன் சபைதான மொதல்ல சர்க்கர குடுத்துது" என்றாள்.

"குடுத்தா என்ன? நீங்க ஓடி வந்து அடுத்த வாரமே குடுக்கணுமா?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஒம்போது எப்படி வந்துச்சு, அதச் சொல்லுங்க" என்றாள் ஜனெல்.

சொன்னோம். ஆர்டித் பாதி, நான் பாதி. முப்பது வருஷம் முன்னால் எங்கள் சபை ஒன்றுதான். ஏசி போட்டோம். ஆர்டித் குடும்பம் உட்கார்கிற பெஞ்சுக்கு நேர் மேலே காற்று கொட்டியது, அவர்கள் போய்ச் சுவரிலிருந்த பெட்டியில் குளிரைத் திருகிக் குறைப்பார்கள். எங்கள் பக்கம் வேர்க்கும், நாங்கள் போய் ஏற்றுவோம். பிரசங்கம் நடக்கும்போதே ஆள் மாற்றி ஆள் எழுந்து போக, சபைக்குழு அந்தத் திருகுப் பெட்டிக்குமேல் ஒரு கூண்டு மாட்டிப் பூட்டியது. சாவி யாரிடம் இருப்பது என்பதில் சபை இரண்டாகிவிட்டது. வெளியேறியவர்கள் கட்டிய சபைக்கு ஐக்கிய சபை என்று பேர் வைத்தார்கள், வெட்கமே இல்லாமல். இன்றுவரை அங்கே ஏசி கிடையாது, கை விசிறிதான். எங்கள் சபையில் ஆகஸ்டு மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காருவோம், அது எங்கள் மானப் பிரச்சினை. மற்ற ஏழு சபைக்கும் இதே தரத்தில் ஒவ்வொரு கதை உண்டு.

ஜனெல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து மேஜையில் தலை கவிழ்ந்துவிட்டாள்.

"நான் சபைய எண்ணிட்டு ஊரத் தேர்ந்தெடுத்தேன். நீங்க சண்டைய எண்ணிக் குடுத்திருக்கீங்க."

"நீ கேட்டத நாங்க சொன்னோம்" என்றேன்.

அவள் எழுந்து ஜன்னலருகே போனாள். வெளியே பெஞ்சுகளில் ஊர் உட்கார்ந்திருந்தது. மெதடிஸ்ட் கிழவர் பெந்தெகொஸ்தேக்காரனிடம் புகையிலை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் சபை மூப்பரும் ஆர்டித்தின் போதகரும் ஒரே காளையைப் பார்த்து ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள்.

"இங்க மட்டும் ஏன் எல்லாரும் கலந்து உக்காந்திருக்காங்க?"

"இது ஏலக் கொட்டகைம்மா. இங்க எந்தச் சபைன்னு யார் பாப்பா? ஏலம் கேக்கத் தூக்கற நம்பர் அட்டையத்தான் பாப்பாங்க" என்றாள் ஆர்டித்.

"அன்னைக்கு நான் பாத்தது இதத்தான்" என்றாள் ஜனெல். "அன்னைக்கே பிடிச்சிருச்சு. ஆனா காரணம் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். இத விட்டுட்டு நான் சபை சபையா அலைஞ்சிருக்கேன்."

முப்பது வருஷமாக அந்த ஜன்னலுக்குள் நின்று இறைச்சி வாட்டியவள் நான். ஊருக்கு ஒரு பொது இடம் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் நேராக ஹப்பிடம் போனாள். ஹப் முரடன், ஏலத்துக்கு வெளியே ஒரு வார்த்தைக்கு மேல் செலவழிக்கமாட்டான். வியாழக்கிழமை காலையில் கொட்டகை சும்மாதானே கிடக்கிறது, பிள்ளைகளுக்குத் தர முடியுமா என்று கேட்டாள்.

"குளிரும்" என்றான் ஹப்.

"ஹீட்டர் இருக்கே அண்ணே."

"ஓடல. மூணு குளிர்காலமா."

"என் வீட்டுக்காரர் ஓட வெச்சுருவார்."

"சாணி நாறும்."

"என் பிள்ளைங்க மூக்கு பழகிரும்."

ஹப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அவனுடைய அகராதியில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

வெஸ் இரண்டு நாள் கூரைமேல் கிடந்து ஹீட்டரை உயிர்ப்பித்தான். அதன் திருகுப் பெட்டியை எங்கே மாட்டுவது என்று அவன் கேட்டபோது கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஆர்டித்தைப் பார்க்கவில்லை, அவள் என்னைப் பார்க்கவில்லை. ஹப் நடந்துபோய்த் தன் ஏல மேடைக்குப் பின்னால் ஒரு ஆணியைக் காட்டினான். "இங்க மாட்டு. தொட்டவன களத்துல விட்டு ஏலம் போட்ருவேன்" என்றான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

அடுத்த செவ்வாய் ஜனெல் விடியும் முன்பே கேன்டீனுக்கு வந்துவிட்டாள். வேன் நிறைய ராத்தல். ஐந்து சபைச் சர்க்கரை, ஐந்து சபை மாவு, ஃப்ரீசரில் போட்டு வைத்திருந்த வெண்ணெய், லவங்கப்பட்டைப் பொடி. ஒவ்வொரு பொட்டலத்திலும் கொடுத்தவர் பேர் எழுதியிருந்தது. ஆர்டித்தின் பெரிய ரொட்டித் தொட்டியை இழுத்துப் போட்டு, எல்லா மாவையும் அதில் கொட்டினாள். எங்கள் மாவுமேல் அவர்கள் மாவு. மெதடிஸ்ட் மாவுமேல் பெந்தெகொஸ்தே மாவு. கை விட்டுக் கலந்தாள். ஆர்டித் 'ஐயையோ' என்று ஒரு சத்தம் போட்டாள், பிறகு முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு அவளும் கை விட்டாள். நானும் விட்டேன். முப்பது வருஷத்துக்குப் பிறகு என் தங்கையும் நானும் ஒரே தொட்டியில் மாவு பிசைந்தோம்.

ஏலம் ஆரம்பிக்கிற நேரத்துக்குக் கொட்டகை முழுக்க லவங்கப்பட்டை வாசனை. சுருள் ரொட்டித் தட்டுகளைப் பிள்ளைகள் பெஞ்சு பெஞ்சாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஹப்பின் மகனிடம் மைக்கை வாங்கி ஜனெல் பேசினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நீங்க குடுத்த ராத்தலோட அர்த்தம் எனக்குத் தெரியாமப் போச்சு. மன்னிச்சுக்கங்க. திருப்பிக் குடுக்கலாம்னு பாத்தேன், சபை சபையாப் பிரிக்க மனசு வரல. அதனால எல்லாத்தையும் கலந்து சுட்டுட்டேன். இப்ப உங்க கையில இருக்கறதுல எல்லாரோட சர்க்கரையும் இருக்கு. பிடிக்கலைன்னா கீழ வெச்சுரலாம்."

யாரும் கீழே வைக்கவில்லை. வாயில் பாதி இருந்தது. மெதடிஸ்ட் கிழவர், "வெண்ணெய் எங்களுதுன்னு தெரியுது" என்றார். பின்பெஞ்சிலிருந்து எவனோ, "இனிப்பு எங்களுது" என்றான். கொட்டகை சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வியாழக்கிழமை பாடம் இங்கேதான் என்று அவள் சொல்லி முடித்துவிட்டாள்.

முதல் வியாழன் மூன்று குடும்பம். கிறிஸ்துமஸுக்குள் ஏழு. பெந்தெகொஸ்தேக்காரி பாட்டு சொல்லிக் கொடுத்தாள், மெதடிஸ்ட் வீட்டம்மா வேதியியல். அவள் செய்துகாட்டிய பரிசோதனையின் வெடிச்சத்தத்தில் ஒரு கன்று வேலியைத் தாண்டிவிட்டது. ஜனெல் லத்தீன் எடுத்தாள். ஹப்பே ஒரு நாள் வந்து, கன்றைப் பார்த்தவுடன் எடை சொல்வது எப்படி என்று காட்டினான். பிள்ளைகள் சொன்ன எடையை ஒவ்வொன்றாகத் தராசில் சரிபார்த்தார்கள். ஏபெல் கோழிகளுக்கு வகுப்பு எடுப்பதை நிறுத்திவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குடும்பம் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சர்க்கரைதான் தீர்ந்துபோச்சே.

திர்சா மட்டும் இளகவில்லை. வருவாள், பாடத்தில் முதலாக இருப்பாள், போவாள். சாவி கழுத்திலேயே தொங்கியது. ஆர்டித்தின் பேத்தி மேவிஸ் அவளோடு வம்புக்கு நிற்பாள். மேவிஸ் லேசுப்பட்டவள் இல்லை, எங்கள் குடும்பத்து நாக்கு.

"உனக்குக் கன்னுக்குட்டிக்கும் காளைக்கும் வித்தியாசம் தெரியுமாடி, கலிஃபோர்னியா?"

"தெரியும். எதுத்து நின்னு கத்தறது கன்னுக்குட்டி" என்றாள் திர்சா.

மேவிஸ் ஒரு வாரம் அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிப்ரவரியில் பனியில் இருவரும் சேர்ந்து ஒரு கன்று பிறப்பதற்குக் கை கொடுத்தார்கள். அந்த இரவு திர்சா மேவிஸ் வீட்டிலேயே தங்கினாள். இருந்தும் டிரெய்லர் நகரவில்லை. வெஸ்ஸின் அண்ணன் வாரம் ஒரு முறை போன் செய்து, இடம் காத்திருக்கிறது, சீக்கிரம் சொல் என்றான். ஜனெல் மகளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"நான் கேட்டா எனக்காகத் தலைய ஆட்டிருவா. எங்கம்மா என்னைக் கேக்கறப்பெல்லாம் நான் அப்படித்தான் ஆட்டினேன்" என்று என்னிடம் சொன்னாள். அன்றைக்குத்தான் அவள் எவ்வளவு பெரிய பந்தயத்தில் நிற்கிறாள் என்று எனக்கு உறைத்தது.

ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய். ஏலம் முடிந்ததும் பிள்ளைகள் நிகழ்ச்சி. ஒன்பது சபையும் வந்திருந்தது, லூத்தரன்காரர்கள் உட்பட. ஏலக்களத்து மணலைப் பெருக்கி, அதில் பிள்ளைகள் நின்று வேதத்துச் சங்கீதம் ஒப்பித்தார்கள், நான்கு குரலில் பாடினார்கள். ஏபெல் வசனத்தைப் பாதியில் மறந்து, "மிச்சம் உங்களுக்கே தெரியும்" என்று சொல்லி இறங்கிவிட்டான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வெஸ் முகம் கோணிக்கொண்டு அழுதான். திர்சா பிள்ளைகள் வரிசையில் இல்லை என்பதை ஜனெல் அப்போதுதான் கவனித்தாள். அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

களத்துப் பக்கவாட்டுக் கதவு திறந்தது. மாடு வருகிற கதவு. ஹப்பின் டிராக்டர் பின்னோக்கி வந்தது. டிராக்டர் இழுத்து வந்தது அந்த வெள்ளை டிரெய்லரை. பக்கத்தில் திர்சாவும் மேவிஸும் நடந்து வந்தார்கள். திர்சா கழுத்தில் சாவி இல்லை.

ஹப் மேடையேறி மைக்கைத் தட்டினான். "கடைசிச் சரக்கு. டிரெய்லர். கலிஃபோர்னியாவுல வாங்கினது. காலி. டயர் நாலும் நல்லா இருக்கு."

வெஸ் துள்ளி எழுந்தான். "ஏய், அது எங்களுது. அத நான் விக்கக் குடுக்கல."

"விக்கறவங்க பேரு திர்சா புரூபேக்கர்னு இருக்கு" என்றான் ஹப்.

திர்சா அப்பாவை நேராகப் பார்த்தாள். "என் பெட்டியெல்லாம் காலைல இறக்கிட்டேம்பா. மேவிஸ் ஒத்தாச செஞ்சா. மாடி ரூம்ல வெச்சுட்டேன், ஜன்னல் இருக்கற ரூம்ல. இது இனிமே நமக்கு எதுக்கு?"

ஹப் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு, "சின்னப் பிள்ள விக்க முடியாது. அப்பன் தலையாட்டணும்" என்றான். "வெஸ், விக்கட்டுமா?"

வெஸ் மகளைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். ஜனெல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெஸ் தலையாட்டினான், ஒரு முறை இல்லை, நிறுத்தத் தெரியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

ஹப் கூவ ஆரம்பித்தான். முன்பெஞ்சிலிருந்து பின்பெஞ்சுவரை அட்டைகள் எழுந்தன. என் அட்டையை நான் தூக்குவதற்குள் ஆர்டித் அதைப் பிடித்திழுத்தாள். "ரெண்டு பேரும் சேந்து தூக்குவோம்க்கா. பிள்ளைங்களுக்குப் புஸ்தகம் வெக்க எடம் வேணும்ல" என்றாள். இரண்டு கையும் சேர்ந்து தூக்கிய அட்டையை நாங்கள் கீழே இறக்கவில்லை. மற்ற அட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஹப் சுத்தியலை அடித்தான்.

ஜனெல் களத்து வேலியைத் தாண்டி, பாவாடை மணலில் புரள, மகளிடம் ஓடினாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோது கொட்டகை போட்ட சத்தத்தில் வெளியே கட்டியிருந்த மாடுகள் கத்தின. ஜனெல் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஊர் முழுவதும் அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வெற்றி என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது.

டிரெய்லர் இப்போது கொட்டகைக்குப் பின்னால் நிற்கிறது, உள்ளே அலமாரி அடித்துப் புத்தகம் அடுக்கியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் வெஸ் என் கேன்டீன் போனிலிருந்துதான் அண்ணனைக் கூப்பிட்டான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டு, காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருந்தேன்.

"அண்ணே, என் எடத்துக்கு வேற ஆளப் பாத்துக்க. டிரெய்லர் வித்தாச்சு." கொஞ்சம் நிறுத்தி, மறுமுனையில் கேட்டதற்குப் பதில் சொன்னான். "நான் விக்கலண்ணே. என் மக வித்துட்டா."